சிடிக்கு வைத்த பொட்டு

என் மாமியார் மயிலம்மாள் சிடிக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். படம் போட்ட பக்கத்தில் வைத்திருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். கம்ப்யூட்டர் படிக்கிற பக்கத்தில், கண்ணாடி மாதிரி மினுங்குகிற பக்கத்தில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். அன்றைக்கு 1999-ஆம் வருடத்துச் சரஸ்வதி பூஜை, திங்கட்கிழமை. புதன்கிழமை எனக்குப் பரீட்சை.

சிரம்பான் பக்கத்துச் செனாவாங் ஃபேக்டரியில் பன்னிரண்டு வருடமாக நான் வேலை பார்த்த லைனை மாதக் கடைசியில் மூடுவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதே வாரம் நாங்கள் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி வேலைக்கு ஆள் தேடினார்கள். கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும், புதன்கிழமை நேரில் வந்து செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார் மேனேஜர். எனக்கு டைப் அடிக்கத் தெரியும். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

கிராணி வேலை என்றால் எங்கள் வீட்டில் சும்மா இல்லை. என் மாமியார் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர்; பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். தினமும் விடியும்போது அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பெரட்டு என்கிற ஆள் கணக்குக்கு வரிசையில் நிற்பார். கிராணி உள்ளே உட்கார்ந்தபடி வருகை எடுப்பார். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நம்பர்தான். என் மாமியார் இருபத்தேழு.

ஃபேக்டரி டெக்னீஷியன் ராமகிருஷ்ணன்தான் எனக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். ஃபேக்டரியில் கழித்துப் போட்டது. செங்கல் கனம் கனக்கும். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் வெளியே விட்டார்கள்.

"அக்கா, இது கெழட்டு மெஷின் லா. புதுசு எதுவும் இதுல ஓடாது. லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதப் போட்டுப் பாருங்க. சிரம்பான்ல கம்ப்யூட்டர் மேகஸின் வாங்கினா சிடி ஃப்ரீயா வரும்" என்றான்.

வாங்கினேன். பெங்குயின் படம் போட்ட சிடி. பார்க்க அழகாக இருக்கும், பழைய மெஷினிலும் ஓடும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்டேன். அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. பாதியைப் படிக்காமலே சரி, சரி என்று தட்டிக்கொண்டு போனேன். கடைசியில் கும்மிருட்டாக ஒரு திரை வந்து நின்றது. அழுகையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தேன். திரை எந்த வகை என்று அது கேட்ட இடத்தில் நான் தப்பாகத் தட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் முதலிலிருந்து போடலாம் என்று சிடியை மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

வந்து பார்த்தால் சிடி சாமி பலகையில் இருக்கிறது. பக்கத்தில் மாமியாரின் மரம் வெட்டுகிற கத்தி. இரண்டுக்கும் பொட்டு, பூ.

"யாரக் கேட்டு இத எடுத்தீங்க அத்த?"

"உன் தொழில் சாமான்தான இது? பூசையில வைக்க வேணாமா?"

"அந்தப் பக்கம் போயி பொட்டு வைக்கலாமா?"

"இன்னொரு பக்கம் பறவ மூஞ்சி இருக்கு. அது மூஞ்சியில போயி எப்படி அப்புறது? இது கண்ணாடி மாதிரி இருந்துச்சி, வச்சேன்."

எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "கூடாது. நாளக்கிக் காலையில மறுபூச முடிச்சித்தான் எடுக்கணும்."

"எனக்குப் புதன்கெழம பரீட்ச அத்த!"

"பன்னெண்டு வருசமா ஃபேக்டரிக்குப் போற, உனக்குன்னு பூசையில வைக்க ஒரு சாமான் இல்ல. இந்த வருசந்தான் கெடச்சிருக்கு. ஒரு நாளு பொறுக்க மாட்டியா?"

கோபம் கோபமாக வந்தது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று கழுவி வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. லீவு போட்டிருந்தேன். பூஜை முடிந்ததும் சிடியைத் துணியால் துடைத்து உள்ளே தள்ளினேன். ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் அறுபத்து மூன்று சதவிகிதத்தில் நின்றுவிட்டது. சிடியைப் படிக்க முடியவில்லையாம். வெளியே எடுத்துப் பார்த்தால் வட்டமாக மஞ்சள் கறை.

"பாத்தீங்களா, உங்க பொட்டு பண்ண வேலைய! என் பொழப்பே போச்சி!" பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் வெந்நீர் வைத்தார். தன் பழைய சேலைத் துணியை நனைத்துச் சிடியை மடியில் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெள்ள மெள்ளத் துடைத்தார்.

"கீறல் விழுந்திடப் போவுது அத்த."

"முப்பது வருசம் மரத்துக்குக் காயம் படாம பட்டய எடுத்தவ நானு. இதுலயா கீறல் போட்டுடுவேன்?"

கறை போய்விட்டது. மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் கடைசி வார்த்தை வரை படித்துத்தான் தட்டினேன். அறுபத்து மூன்றைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நூறும் வந்தது. பிறகு திரையில் எழுத்துகள் மடமடவென்று ஓடின. ஓடி முடிந்ததும் நீலமாக, துடைத்து வைத்த மாதிரி ஒரு திரை. கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! மாமியார் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சிரித்தார்.

எழுதுகிற பக்கம் திறப்பதற்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம், அவ்வளவு மெதுவு. ஆனால் திறந்தது. பொழுது சாயும் வரை கடிதம் அடித்தேன், கட்டம் போட்டுப் பேர்ப்பட்டியல் செய்தேன்.

புதன்கிழமை ஆபீஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இருவரும் சிரம்பானில் கம்ப்யூட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். முதல் பெண் கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து நின்றது. அந்தப் பெண் அங்கே இங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "சார், ரோசாக் லா, கெட்டுப்போச்சி" என்று எழுந்துவிட்டாள். அடுத்தவள் கெட்டுப்போன மெஷினைத் தொடவே மாட்டேன் என்றாள்.

நான் போய் உட்கார்ந்தேன். கறுப்புத் திரையெல்லாம் எனக்குச் சனிக்கிழமையே பழகிவிட்டது. கடைசி வரை படித்தேன். உள்ளே இருக்கிற தட்டில் கம்ப்யூட்டரை ஆரம்பிக்கிற சங்கதி இல்லை, அதை மாற்றிவிட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று இருந்தது. யாரோ ஃப்ளாப்பியை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உருவினேன், தட்டினேன். ஓடியது. வீட்டில் இருந்ததும் இதுவும் வேறு வேறுதான். ஆனாலும் தேடித் தேடிக் கடிதத்தையும் பட்டியலையும் முடித்தேன்.

"ஒண்ணாந்தேதி வந்திடுங்க" என்றார் மேனேஜர்.

வீட்டில் சொன்னதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி: "நான் வச்ச பொட்டு வேல செஞ்சிச்சா இல்லியா?"

"செஞ்சிச்சி அத்த" என்றேன். வாதாட மனசு வரவில்லை.

என் கையில் தேத்தண்ணியைக் கொடுத்தார். "கிராணி நாக்காலி இன்னமும் ஜன்னலோரந்தானா?"

"ஆமா."

"ஒண்ணாந்தேதி நான் வெளிய வந்து நிக்கிறேன். நம்பரு வேணாம். ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்புடு."

மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட எந்த மருமகளுக்கு வாய்க்கும்! ஒன்றாம் தேதி காலையில் ஜன்னலைத் திறந்தேன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வரிசை எதுவும் இல்லாத இடத்தில் வரிசையில் நிற்பதுபோல நின்றார்.

"மயிலம்மாள்!" என்று தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்றார்.