எது சோர்ஸ், எது டார்கெட்

அத்தான் தப்பான பெட்டியைத்தான் தேர்ந்தெடுப்பார் என்று சின்னவளுக்குக் காலையிலேயே தெரியும். தெரிந்துதான் அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனி அது. வரைந்ததெல்லாம் இரண்டு சேமிப்புப் பெட்டிகளில் இருக்கும்: கீழ்த்தளத்தில் ஒன்று, எதிர்க் கட்டடத்தில் ஒன்று, நடுவே கேபிள். ஒன்றில் இருப்பதை மற்றதில் நகலெடுப்பதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர். எதிலிருந்து எடுக்கிறோமோ அது சோர்ஸ், எதில் போய் விழுகிறதோ அது டார்கெட். இதைக் கவனிக்க இரண்டே பேர். அக்கா புருஷன் மூத்தவர். சின்னவள் அவருக்குக் கீழே.

போன வருஷம் கீழ்ப்பெட்டி பழுதாகி, எதிர்ப்பெட்டியில் வேலை ஓடியது. சரியானதும் திரும்ப நகலெடுக்கும்போது அத்தான் கீழ்ப்பெட்டியையே சோர்ஸ் என்று கொடுத்துவிட்டார். அதன் மேல் 'பிரைமரி' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்ததே, மனுஷன் என்னதான் செய்வார். சோர்ஸ் என்பது பெட்டியின் பெயரல்ல, அன்றைக்கு அது பார்க்கிற வேலை. புதுப் படங்களின் மேல் பழசு போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தது. முதலாளி கேட்டதற்கு அத்தான் கண்ணிமைக்காமல், "மச்சினி ஸோனிங்ல கை வச்சுட்டா சார், மாஸ்கிங் குழம்பிடுச்சு" என்றார். எந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பெட்டியைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடுகள் அவை; நகலெடுத்ததற்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. முதலாளிக்கு இரண்டும் புரியவில்லை. புரியாததை உடனே நம்பிவிடுவது அவர் வழக்கம்.

அன்றிலிருந்து ஆபீசில் அவள் பெயர் 'காலி மேடம்'. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். வீட்டில் டிவி ரிமோட்டை எடுத்தால்கூட, "அதத் தொடாதடி, அழிச்சிடுவ" என்று அக்கா சிரிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லியும் பார்த்தாள். அவர் எதுக்குடி பொய் சொல்லப்போறார் என்று அக்கா கேட்டுவிட்டாள். அத்தான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது கீழ்ப்பெட்டி மறுபடி பழுதாகி, மறுபடி சரியாகியிருக்கிறது. 'பிரைமரி' ஒட்டும் அப்படியே இருக்கிறது, பழியைத் தள்ளிவிட்ட அத்தானும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. வந்ததும் முதல் வேலையாக எதிர்ப்பெட்டியில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தாள். அந்த நொடியில் உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். பிறகு எதைக் கொட்டினாலும் அதற்குத் திரும்பிவிடலாம். பழிவாங்கக் கிளம்பியவள் கையோடு முதலுதவிப் பெட்டியும் எடுத்துக்கொண்டாள், அவ்வளவு வீரம்.

முதலாளி பின்னால் நின்றார். அத்தான் சோர்ஸ் இடத்தில் 'பிரைமரி'யைத் தேர்ந்தெடுத்துவிட்டு, என்ன நினைத்தாரோ, திரும்பினார்.

"சரிதானே மச்சினி?"

"உங்களுக்குத் தெரியாததா அத்தான்."

அழுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் படம் வரைகிற பெண் மாடியிலிருந்து ஓடிவந்தாள். அத்தனை நாள் வரைந்த யானைக்குட்டியைக் காணோம் என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் வரை அத்தானை வேகவிடுவது என்று சின்னவள் போட்டிருந்த திட்டம் அங்கேயே இளகிவிட்டது.

அத்தான் தயாராகத்தான் இருந்தார். "ஸோனிங்ல ஏதோ…" என்று ஆரம்பித்தார்.

"அத்தான், இந்த ஸோனிங் மாஸ்கிங் எதுவும் வேண்டாம். எதை எடுத்து எதுமேல போட்டீங்க? வீட்ல பேசற மாதிரி சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார். தெரிந்த வார்த்தைகளையெல்லாம் ஒரே அடியில் பறித்துக்கொண்டது போலிருந்தது.

"பழசை எடுத்து… புதுசு மேல போட்டுட்டேன்."

"போன வருஷம்?"

"அதேதான்" என்றார்.

சின்னவள் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாள். யானைக்குட்டி தும்பிக்கையோடு முழுசாக வந்தது. தரையிலிருந்த பெண் எழுந்து அவள் தோளில் சாய்ந்து அழுதாள். முதலாளிக்குத்தான் முகம் தெளியவில்லை.

"முன்னாடியே எடுத்து வச்சிருக்கீங்க. அப்ப அவர் தப்பா அழுத்துவார்னு தெரியும்."

"தெரியும் சார்."

"ஏன் தடுக்கலை?"

"தடுக்க மனசு வரலை சார்."

மறு உத்தரவு வரும்வரை இரண்டு பேரும் பெட்டிகளைத் தொடக்கூடாது என்றார் முதலாளி. நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. ஆனால் வருத்தம்தான் வரவில்லை.

படியிறங்கும்போது அக்கா நம்பரைப் போட்டு, ஃபோனை அத்தான் கையில் கொடுத்தாள். அவர் கெஞ்சலாகப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அவர் சுவரைப் பார்த்தபடி, உள்ளே சொன்ன அதே வார்த்தைகளில், போன வருஷத்தையும் சேர்த்துச் சொல்லி முடித்தார்.

"உன்கிட்ட பேசணுமாம்" என்று ஃபோனை நீட்டினார்.

சின்னவள் கையை அவிழ்க்கவில்லை. அக்கா கொஞ்சம் காத்திருக்கட்டும்.