மச்சான் ஊதிய மூச்சு

நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் இருந்தது. பெல்ட்காரன் இருமலை விழுங்கினான். மருத்துவ அறை வாசலில் இருமினால் அதோடு கதை முடிந்தது.

துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றும் பெல்ட்டைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன். நுரையீரலைச் சோதிக்க வருடத்துக்கொரு முறை கம்பெனி குழாயில் ஊதச் சொல்லும். மூச்சு நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே வந்தால் வேலை போகும். பதினைந்தே நாளில் குவார்ட்டர்ஸ் சாவியும் போகும். வெளியே ஒற்றை அறைக்கு அவன் முழுச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். கப்பல் கப்பலாக மண்ணை விற்கிற ஊரில் பணத்துக்குப் பஞ்சமில்லை. அது இவன் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். போன வருடம் எழுபத்தொன்று ஊதினான். இப்போது மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறுகிறான்.

அதனால்தான் தனக்குப் பதில் ஊத மனைவியின் தம்பியைக் கூட்டி வந்திருந்தான். இருபத்தாறு வயது. கேன்டீனில் ஒப்பந்தச் சமையல்காரன். தாதுவைக் கையால் தொட்டதில்லை. சமையல்காரர்களை யாரும் ஊதச் சொல்வதுமில்லை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தலை முதல் கால்வரை செந்தூள் அப்பியிருக்கும். முகத்தை யாரும் பார்ப்பதில்லை, ஹெல்மெட் நம்பரைத்தான் பார்ப்பார்கள்.

காய்ந்து கிடந்த குழாயடியில் வைத்து பெல்ட்காரன் மச்சான் முகத்தில் தூளைப் பூசினான்.

"போதும் மாமா. பொண்ணு பாக்கப் போற மூஞ்சி இது."

"வாயை மூடு. உள்ள போச்சுன்னா இருமுவ."

"மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு பேர் வேலையும் போகும். உங்க அக்கா தெருவுல பாத்திரத்தை அடுக்குவா."

"அவளுக்குத் தெரியுமா?"

"சொன்னா விடுவாளா?"

மச்சான் அவனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். பெல்ட்காரன் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றான்.

"இழுங்க. ஊதுங்க, ஊதுங்க, விட்டுராதீங்க" என்றாள் நர்ஸ். மெஷினைப் பார்த்தாள். "இன்னொரு தடவை."

மறுபடியும் ஊதினான். அவள் முகம் சுளித்தாள்.

"மூக்குல தூள் அடைச்சிருக்கும். மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க."

ஜன்னலுக்கு வெளியே பெல்ட்காரன் தலையைக் கீழே இழுத்துக்கொண்டான்.

"எங்க சிஸ்டர் கழுவுறது? தண்ணியெல்லாம் தாதுக் குவியலுக்கு அடிக்கிறாங்க. எங்க மூஞ்சி ஏற்றுமதி ஆகாதுல்ல" என்றான் மச்சான்.

அவள் சிரித்துவிட்டாள். "சரி, ஊதித் தொலைங்க."

மூன்றாவது ஊதலுக்கு எழுபது. மட்டுமட்டாகத் தேறியது. பெல்ட்காரன் மூச்சை விடுவதற்குள் டாக்டர் வந்து, நிமிர்ந்தும் பார்க்காமல், மச்சான் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வைத்தவர் எடுக்கவேயில்லை.

"வலது பக்கம் காத்து சரியாப் போகல. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுத் தரேன், செலவு கம்பெனியோடது. இப்பவே ஆரம்பிச்சா சரி பண்ணலாம். தள்ளிப் போட்டா என் கையில இல்ல."

வெளியே வந்த மச்சானுக்குப் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. "பாஸ் மாமா. சீட்டும் குடுத்திருக்காங்க. உங்க நெஞ்சுக்கு நீங்க வச்சுக்கோங்க."

"டாக்டர் சொன்னது உன் நெஞ்சை."

"நீங்க பூசின தூளு மாமா. அதான் அடைச்சிருச்சு. நான் அடுப்படியில நிக்கிறவன், எனக்கு என்ன வரப் போகுது?"

பத்து நிமிடத் தூள் நுரையீரல்வரை போகாது என்பது பெல்ட்காரனுக்குத் தெரியும். கேன்டீன் ஜன்னல் தாதுக் குவியலைப் பார்த்துத்தான் திறக்கிறது. அங்கே தினமும் மூடியைத் துடைத்துவிட்டுத்தான் பானையைத் திறப்பார்கள். அந்தத் தூள் தொடாதவன் என்று ஊரில் யாரும் இல்லை. அவனுக்குத்தான் அது இன்றைக்கு உறைத்தது.

"அக்காகிட்ட மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு மச்சான் கேன்டீன் படியேறினான். பாதிப் படியில் குனிந்து செருப்பைச் சரிசெய்தான். இறுக்கப் பக்கிளே இல்லாத ரப்பர் செருப்பு. ரொம்ப நேரம் சரிசெய்தான்.

சீட்டில் இருந்தது பெல்ட்காரனின் நம்பர். அதை மாற்ற வேண்டுமானால் உள்ளே போய், ஊதியது யார் என்று சொல்ல வேண்டும். கதவு பத்தடி தூரத்தில் திறந்தே இருந்தது. பைக்குள் குவார்ட்டர்ஸ் சாவியை இறுகப் பிடித்தபடி நின்றான். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தான்.

மச்சானுக்கு அவன் தர வேண்டிய பாக்கி ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு. மச்சான் பேரில்.