பத்திரமாக வைத்த குரல்

அவளிடம் கொடுத்த பொருள் தொலைந்ததாகச் சரித்திரமே இல்லை. தொழிற்சாலை ஸ்டோரில் இருபத்திரண்டு வருட வேலை; ஒரு வாஷர்கூடக் குறைந்ததில்லை. வீட்டிலும் அதே கெடுபிடிதான். அவளிடமிருந்து ஒரு கத்திரிக்கோலை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தம்பி அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பெட்டகம்.

அந்தப் பெட்டகம் இன்று கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஒரு முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேசையில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு டிரைவ். உள்ளே இருந்தது தம்பியின் குரல்.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாய் ஓயாது. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னபோது அவன் மனைவிக்கு ஆறாம் மாதம். பிறக்கப்போகிற பிள்ளை தன் குரலைக் கேட்க முடியாதே என்று அவன் முதலில் அழுதான். பிறகு பயிற்சிப் பள்ளியின் லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு, அக்கா வீட்டுப் பின்னறையில் பதினொரு நாள் உட்கார்ந்து பேசித் தீர்த்தான். கதை சொன்னான். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினான். பொய்யாக அதட்டினான். பாட்டு என்ற பெயரில் என்னமோ செய்தான். பெண்ணா பையனா என்று தெரியாததால், மனதில் வைத்திருந்த எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தான். முன்னூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. டிரைவ் அக்காவிடம் வந்தது.

ஆபரேஷன் முடிந்தது, பெண் பிறந்தாள். தன் பழைய குரலைக் கேட்கும் தெம்பு தம்பிக்கு இல்லை. ஆனாலும் இரண்டு தடவை எழுதும் பலகையில் எழுதிக் காட்டினான்: "ஒரு காப்பி எடுத்து வெக்கலாம்கா."

"காப்பி எடுக்கிறேன்னு யாராவது அழிச்சுத் தொலைச்சுட்டா? எங்கிட்ட இருக்குடா. கவலைய விடு."

அவளுக்குத் தெரிந்த எதிரி ஈரம் ஒன்றுதான். ஸ்டோரில் பேரிங்கும் போல்ட்டும் துருப்பிடித்ததைப் பார்த்துப் பார்த்து வந்த பயம். அதனால் டிரைவைத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, வெந்நீர்த் தொட்டியை ஒட்டிய அலமாரியில் பூட்டிவைத்தாள். வீட்டிலேயே ஈரம் அண்டாத இடம் அதுதான். தொட்டுப் பார்த்தால் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். நான்கு வருடம் யாரையும் கிட்டே விடவில்லை.

போன வாரம் சாப்பிடும்போது குழந்தை கேட்டது: "அப்பா சத்தம் எப்படி இருக்கும்?" தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு பலகையில் எழுதினான்: "அக்காகிட்ட இருக்கு."

டப்பாவைத் திறந்து டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினார்கள். பதிவுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. எதை அழுத்தினாலும் திறக்கவில்லை. சற்று நேரத்தில் பெயர்களும் காணாமல் போயின.

"இனிமே இதுல எதையும் திறந்து பாக்கக் கூடாதும்மா," என்றார் ரிப்பேர்காரர் முதல் நாளே. "உள்ள இருக்கறத அப்படியே இன்னொரு டிரைவுக்கு இறக்கணும். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

திரையில் கட்டம் கட்டமாக ஓடியது. படிக்க முடிந்தது பச்சை, முடியாதது சிவப்பு. கால்மணிக்கொரு தரம் டிரைவ் மூச்சை நிறுத்திவிடும். அவர் மின்சாரத்தைத் துண்டித்து, சின்ன விசிறியால் ஆறவிட்டு, மறுபடி ஆரம்பிப்பார். மூன்று நாள் அவள் வேலை முடிந்து நேராக இங்கேதான் வந்தாள். சிவப்பு கூடிக்கொண்டே போனது.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"வெந்நீர்த் தொட்டி பக்கத்துல. ஈரமே படாதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய டிரைவ்மா. அதுவா போயிருக்கும்."

"எங்கிட்ட மறைக்காதீங்க."

"இந்த ஜாதி டிரைவுக்கு அப்பப்ப கரண்ட் காட்டணும்மா. சும்மா கிடந்தா உள்ள இருக்கறது கொஞ்சங்கொஞ்சமா வத்திடும். சூட்டுல கிடந்தா இன்னும் சீக்கிரம்."

யாராவது திருடியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். பொத்திப் பொத்தி வைத்தே அழித்திருக்கிறாள், யாரைத் திட்டுவது?

நான்காம் நாள் அவர் ஒரு பென்டிரைவை நீட்டினார். முன்னூற்றுப் பன்னிரண்டில் உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வெறும் இரைச்சல். "போட்டுக் காட்டட்டுமா?" என்றார்.

"வேணாங்க. அவன்தான் முதல்ல கேக்கணும்."

தம்பி வீட்டில் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குழந்தை தம்பியின் மடியில். அவன் பட்டனை அழுத்தினான்.

நாற்காலி கிறீச்சிட்டது. நிறுத்த மறந்து ஓடிய பதிவு போலிருக்கிறது. பிறகு ஓங்கி ஒலித்தது ஒரு பெண்குரல்: "போதும்டா, விட்டா ராத்திரி முழுக்கப் பேசுவ. பால் ஆறுது பாரு. அத இப்படிக் கொடு, யாரும் தொடாத இடத்துல வெக்கிறேன்."

"இல்லக்கா, இன்னொரு காப்பி..."

"நான் இருக்கேன்ல? என்னைக்காவது எதையாவது தொலைச்சிருக்கேனா? இதுல எனக்கு எல்லாம் தெரியும், நீ பேசாம பாலக் குடி."

ஒரு சிரிப்பு. "சரி, பெட்டகம்."

அவ்வளவுதான். தம்பியின் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். குழந்தை கம்ப்யூட்டரையே பார்த்தது.

"இதுல அத்தைதான பேசுறாங்க. அப்பா எப்ப பேசுவாரு?"

தம்பி கடைசித் துண்டை மட்டும் மறுபடி ஓடவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். சரி, பெட்டகம். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஐந்தாம் தடவை குழந்தை அதே இழுப்போடு கூடவே சொன்னது. அவன் அழுதுகொண்டே சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு.

"மிச்சம் எங்க அத்தை?"

அவள் வாழ்நாளில் சொல்லாத வார்த்தை அது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிச்சத்த அத்தை தொலைச்சுட்டேன்மா."

தம்பி அவசரமாகத் தலையை ஆட்டினான். பலகை எட்டாத தூரத்தில் கிடந்தது. இல்லக்கா, இல்லக்கா என்று அவன் உதடுகள் அசைந்தன. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை.