சுவருக்கு மேலே மஞ்சள் வயர்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டையும் என் தம்பி சுருளியின் வீட்டையும் பிரிக்கிற சுவரை நான்தான் அளந்து கட்டவைத்தேன். நில அளவைத் துறையில் தலை நரைக்கும்வரை சங்கிலி பிடித்தவன் நான். அதனால் அந்தச் சுவர் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம்கூடச் சாயாது. குலசாமி கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்ற கேள்விக்கு, மூத்தவனுக்கு என்ற எளிய பதில் தம்பிக்குப் புரியவில்லை. ஆளுக்கொரு முனையாகப் பிடித்ததில் துணி கிழிந்தது. துணியைத் தொடர்ந்து வீடும் இரண்டானது.

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. பேச்சு இல்லாதது ஆண்களுக்குள் மட்டும். பெண்கள் சுவருக்கு மேலே கறிவேப்பிலையும் ஊர்க்கதையும் கைமாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அதை நான் கண்டுகொண்டதில்லை. குடும்பத் தலைவனுக்குக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும்.

2006 பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த என் மகன் அருள்பாண்டி ஒரு கம்ப்யூட்டரும் பிராட்பேண்ட் இணைப்பும் வைத்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் முகத்தைத் திரையில் பார்த்து, இளைத்துவிட்டாயா என்று அவன் அம்மா கேட்பதற்காக இந்த ஏற்பாடு. கிளம்புகிற அன்று, பாண்டீஸ்வரிக்கும் இதிலிருந்தே ஓர் இணைப்பு கொடுக்கப் போவதாகச் சொன்னான். பாண்டீஸ்வரி சுருளியின் ஒரே மகள். பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள்.

"அவ அப்பன் கேட்டானா?" என்றேன்.

"சித்தப்பா எங்க கேப்பாரு? அவதான் கேட்டா."

கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். எங்கள் குடும்பம் இரண்டு பழக்கங்களால் பெயர் பெற்றது. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. செவ்வாய், வெள்ளியில் விளக்கு வைத்த பிறகு உப்பு, உறைமோர், ஊசி என்று எதுவும் நிலைப்படி தாண்டி வெளியே போவதில்லை. போனால் வீட்டு லட்சுமியும் கூடவே கிளம்பிவிடுவாள். என் மனைவி ஒச்சம்மாள் இந்த வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே இதையெல்லாம் அவளை நிற்கவைத்துச் சொல்லியிருக்கிறேன்.

வயர் போட வந்தவர் வெங்கடேஷ்பாபு. பைபாஸ் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். அவரிடம் நான் வைத்தது ஒரே நிபந்தனை. தம்பி வீட்டுக்குப் போகும் வயர் மட்டும் நல்ல மஞ்சள் நிறத்தில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி சுவருக்கு மேலே போக வேண்டும். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்பதில் ஊராருக்கு வீண் குழப்பம் வரக்கூடாதல்லவா.

டெலிபோன் வயர் சாமி அலமாரிக்கு அருகில் வருவதால் மோடமும், இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டியும் அங்கேயே ஏறின. ஒச்சம்மாள் இரண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். பச்சை விளக்குகள் மினுக்கியதில் அலமாரிக்கு ஒரு களை வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் கம்ப்யூட்டர் வாரம் முழுவதும் பூத்தையல் போட்ட துணிக்குள் உறங்கியது. இணையத்தை ஆண்டு அனுபவித்தது அந்த வீடுதான். ஆனால் கொடுக்கிற வீடு இது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தச் சுகம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. மாலையில் நான் உட்காரும் காளையின் டீக்கடைக்குச் சுருளியும் வருவான். எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் காளையிடம் சொல்வான்.

"காளை, சில பேரு ஊரு பாக்க நீட்டுவாக. நம்ம கைய நீட்டுனா வெடுக்குனு இழுத்துக்குவாக. இப்ப எம்மக பாதியில முழிச்சுக்கிட்டு இருக்கா, லைனு போச்சு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "காளை, லைன்ல பழுது வரும், போகும். ஓசியில வாங்குறவுக ஒரு நா பொறுக்கலாம்னு அவருகிட்டச் சொல்லுப்பா."

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்துக்கங்கண்ணே," என்றார் காளை. "டீ ஆறுது. எனக்குக் கழுத்து வலிக்குது."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் இணையம் வந்தது. அந்த வீட்டில் இல்லை. காலையில் வெங்கடேஷ்பாபு வந்து பார்த்தபோது அந்த வீட்டிலும் வந்தது. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மாலை போவதும், மறுநாள் காலையில் தானாக வருவதும் வாடிக்கையானது. சேதி புதுக்கோட்டை முழுக்கப் பரவியது. கொடுக்காமலே இருந்திருந்தால் கல்நெஞ்சன் என்பார்கள், அதைத் தாங்கலாம். கொடுத்துவிட்டுப் பறிக்கிறவன் என்ற பெயர் எங்கள் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

வெங்கடேஷ்பாபு ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தோடு வந்தார். முதலில் எலி. எலி கடித்த அடையாளம் எங்கே என்றேன். இனிமேல் கடிக்கலாம் என்று வயரை மாற்றினார். அடுத்தது இடி. மாசி மாதத்தில் மதுரையில் இடி இடித்ததாகச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். மூன்றாவது முறை இரண்டு கம்ப்யூட்டரையும் தட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். ரெண்டு சிஸ்டத்துக்கும் ஒரே நம்பர் போட்டிருக்கு. அட்ரஸ் மாதிரி அது. ஒரே நம்பர்ல ரெண்டு பேரு இருந்தா அடிச்சுக்கும்."

"எங்க வீட்டுக்கு ஒண்ணாம் நம்பர் போடுங்க."

"ஒண்ணு மோடத்துக்கு சார்."

"மோடம் எனக்கு மூத்ததா?"

"அது வழியாத்தான சார் எல்லாம் வருது. உங்களுக்கு ரெண்டு போடுறேன். அவங்களுக்கு மூணு."

"மூணு வேண்டாம். பக்கத்துல வருது. தள்ளிப் போடுங்க."

"ஐம்பது?"

"நல்ல நம்பர்," என்றேன். கம்ப்யூட்டருக்குள்ளாவது வரிசைமுறை ஒழுங்கானதில் எனக்குத் திருப்தி. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐம்பதாம் நம்பர் வீட்டில் வழக்கம்போல இணையம் போனது.

சனிக்கிழமை காலை பாண்டீஸ்வரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவளுக்கும் எனக்கும் சண்டை கிடையாது.

"பெரியப்பா, வார வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு ஆன்லைன் டெஸ்ட். பெங்களூர் கம்பெனி. ஒரே சான்ஸ்தான், நடுவுல கட்டானா அம்புட்டுத்தான். அதான் பிரவுசிங் சென்டருக்குப் போயி எழுதலாமான்னு பாக்குறேன்."

பெரியப்பன் வீட்டு இணைப்பு தலைக்கு மேலே மஞ்சளாகத் தொங்கும்போது, எங்கள் வீட்டுப் பிள்ளை கண்டவன் கடையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பரீட்சை எழுதுவதா? ஊர் என்ன சொல்லும் என்பதை ஊர் சொல்லாமலே என்னால் கேட்க முடிந்தது.

"நீ எங்கயும் போக வேணாம் தாயி," என்றேன். "வெள்ளிக்கெழம லைன் இருக்கும். இது என் வாக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சுருளிக்குச் சளி பிடித்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் டீக்கடைக்குப் போகவில்லை. ஐந்தரை மணிக்கே நாற்காலியைச் சாமி அலமாரிக்கு எதிரே இழுத்துப் போட்டு, பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எலி வந்தாலும் இடி வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒச்சம்மாள் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். விளக்கேற்றினாள். சூடம் காட்டினாள். எனக்குத் திருநீறு கொடுத்தாள். பிறகு கையை நீட்டிச் சின்னப் பெட்டியிலிருந்த மஞ்சள் வயரை, வெண்டைக்காய் பறிப்பதுபோலச் சாவகாசமாகப் பிடுங்கினாள்.

"ஏ, என்ன செய்யிற?"

"விளக்கு வச்சாச்சில்ல," என்றாள்.

"அதுக்கு?"

"செவ்வா வெள்ளி விளக்கு வச்ச பெறகு வீட்டுல இருந்து ஒண்ணும் வெளிய போகக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக. இது மினுக்கு மினுக்குனு போய்க்கிட்டே இருக்கு. காலையில வாசத் தெளிச்சுட்டு திரும்பச் சொருகிருவேன்."

"இத்தன நாளா நீயா? ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீகளா? எலியக் கேட்டீக, இடியக் கேட்டீக. என்னைய யாரு கேட்டா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாண்டீஸ்வரியின் குரல் வந்தது. "பெரியப்பா, போயிருச்சு. இன்னும் பத்து நிமிசந்தான் இருக்கு."

"சொருகு," என்றேன்.

"மாட்டேன்."

"அந்தப் புள்ளைக்குப் பரீட்ச."

"தெரியும். இங்க வந்து எழுது தாயின்னு நேத்தே கூப்பிட்டேன். நம்ம வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு அவ அப்பன் சொல்லிட்டாராம். நீங்க வாக்கு குடுத்தீக. நான் லட்சுமிய அனுப்பிட்டு நாளைக்கி வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரச் சொல்வீக? என்னையச் சொல்வீக."

பேசாமல் நானே எழுந்து சொருகியிருக்கலாம். ஆனால் அந்த விதியை நிற்கவைத்துச் சொன்னவன் நான். சொன்னவனே மீறினால் இந்த வீட்டில் நாளை எந்த விதி நிற்கும்? சொருகாவிட்டால் என் வாக்கு போகும். அந்தப் பிள்ளையின் பிழைப்பும் போகும். எங்கள் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற இருந்த இரண்டு பழக்கங்களும் ஒரு மஞ்சள் வயரின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு இழுத்தன.

"வெளிய போனாத்தான தப்பு?" என்றாள் ஒச்சம்மாள், திரியைத் தூண்டிவிட்டபடி.

"ஆமா."

"வீட்டுக்குள்ள ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் போனா?"

"அதுக்கென்ன?"

"அப்ப ரெண்டும் ஒரே வீடுதான்னு நீங்க விளக்கு முன்னாடி சொல்லுங்க. நான் சொருகிடுறேன்."

நான் அளந்து கட்டிய சுவரைப் பார்த்தேன். அது நேராக நின்றது.

"பெரியப்பா," என்றாள் பாண்டீஸ்வரி மறுபடியும்.

"ஒரே வீடுதான்," என்றேன், மீசைக்குள்.

"சாமிக்குக் கேக்கல."

"ரெண்டும் ஒரே வீடுதான்."

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. வயது ஆக ஆகக் குரலை அளவாக வைக்க முடிவதில்லை. ஒச்சம்மாள் வயரைச் சொருகினாள். பச்சை விளக்கு மினுக்கியது. அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு டக் டக்கென்று தட்டும் சத்தம், ஒரு மணி நேரத்துக்கு நிற்காமல். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தட்டுவது ஓய்ந்ததும் சுருளியின் குரல் வந்தது. மகளிடம் பேசுகிறானாம்.

"பரீட்ச முடிஞ்சுச்சா தாயி? நல்லது. உன் பெரியம்மாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. ஒரே வீடுன்னா, இந்த வருசம் பரிவட்டம் யாரு தலைக்கு?"

"ஒச்சம்மா," என்றேன் நான், என் மனைவியிடம் பேசுவதுபோல. "காலையில வாசத் தெளிச்சதும் அது பழையபடி ரெண்டு வீடுன்னு கேக்குறவுகளுக்குச் சொல்லிரு."

பாண்டீஸ்வரி தேறிவிட்டாள். படிப்பை முடித்துவிட்டு இப்போது பெங்களூரில் இருக்கிறாள். வெங்கடேஷ்பாபு கடைக்கு வருகிறவர்களிடம், நம்பர் மாற்றிக் குடும்பச் சிக்கலைத் தீர்த்த கதையைச் சொல்வதாகக் கேள்வி. இருந்துவிட்டுப் போகட்டும். மஞ்சள் வயர் அப்படியே இருக்கிறது. மகள் முகத்தைத் திரையில் பார்ப்பதற்காக இப்போது சுருளியே மாலையில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். அவள் வேலை முடிந்து வருவது ஆறு மணிக்கு மேல்தான்.

ஆகவே செவ்வாயும் வெள்ளியும் நான் டீக்கடைக்குப் போவதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருந்தாக வேண்டும். ஒச்சம்மாள் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் சொல்வேன். அதற்குள் சுருளி சுவரோரம் வந்து நின்றுவிடுவான். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறானாம். அவன் வீட்டில் துளசி கிடையாது.