பென்சில் வரைந்த இதயம்

உயிரியல் டீச்சர் அந்த நோட்டை வகுப்பின் முன் உயர்த்திப் பிடித்ததும், அதன் சொந்தக்காரி பக்கத்திலிருந்த தோழியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"படம்னா இப்படி இருக்கணும். பள்ளிக் கண்காட்சிக்கு இதைத்தான் அனுப்பப் போறேன்."

நான்கு அறைகளும் வால்வுகளும் நுணுக்கமான கோடுகளில் தெரிந்த அந்த இதயத்தை அவள் வரையவில்லை. தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அந்தத் தோழி வரைந்தது. ஆள் ஒல்லி, கை ஓயாமல் கிறுக்கும். அதனால் வகுப்பில் அவளுக்குப் பென்சில் என்று பெயர்.

பதினோராம் வகுப்பின் ஐந்தாவது மாதத்தில் இருவருக்கும் வேலை கழுத்துவரை வந்திருந்தது. ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடம் ஒன்றுதான் உலகத்திலேயே இருப்பதுபோல் எழுதச் சொன்னார். அதனால் ஓர் ஒப்பந்தம்: பென்சிலின் கணக்குகளை இவள் போடுவாள், இவளுடைய படங்களைப் பென்சில் வரைவாள். இரண்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து டீச்சர் பென்சிலின் நோட்டைத் திறந்தார். பாதிப் பக்கங்கள் காலி. "உனக்கு என்ன ஆச்சு? பக்கத்துல இருக்கிறவளப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா?"

பென்சிலின் காது மடல் சிவந்ததைப் பார்த்தபின் இவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"டீச்சர், அது நான் வரைஞ்சதில்ல. இவ வரைஞ்சது."

டீச்சர் இரண்டு நோட்டுகளையும் மூடி வைத்தார். கண்காட்சியைப் பற்றி அதன்பின் பேசவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள அவங்கவங்க கையால வரைஞ்சு கொண்டு வாங்க. இதுக்கு ரெண்டு பேருக்கும் மார்க் கிடையாது."

வராந்தாவில் பென்சில் இவளைப் பார்க்காமலே நடந்தாள். "ஏண்டி சொன்ன?"

"உன் நோட்டு காலியா இருந்தத இப்பதான் பாத்தேன். நேரமில்லன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பஸ்ல நின்னுக்கிட்டே என் கணக்கப் போடுற. நீ சொன்னியா?"

இருவரும் முன்னும் பின்னுமாகப் படிக்கட்டில் இறங்கினார்கள்.

சனிக்கிழமை மதியம் நூலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பென்சில் ஒரு மணி நேரத்தில் படங்களை முடித்துவிட்டுக் கணக்கோடு மல்லுக்கட்டினாள். இவள் வரைந்த இதயம் நசுங்கிய கத்தரிக்காய் மாதிரி வந்தது. பென்சில் எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அழிப்பானை மட்டும் நகர்த்தி வைத்தாள். வராந்தாவுக்குப் பிறகு அவள் முகம் இளகியது அப்போதுதான்.

மூன்றாவது முறை அழித்துவிட்டு நிமிர்ந்தபோது பென்சில் தூங்கிப்போயிருந்தாள். கன்னத்துக்கடியில் நோட்டு, விரலிடுக்கில் பேனா. கணக்கு நாலாவது வரியில் நின்றிருந்தது. ஒரு கழித்தல் குறி தவறு. இவளுக்கு இரண்டு நிமிட வேலை.

மெல்லப் பேனாவை உருவினாள். சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதை மூடித் தோழியின் முழங்கையருகே வைத்துவிட்டு, மேசை ஆடாமல் வால்வின் முதல் கோட்டை மறுபடி இழுத்தாள்.