சுவருக்குத் துக்கம் சொன்னவள்

பால்த்ருஸ் கிழவரின் படுக்கையறைச் சுவரில் காதை வைத்ததுமே இது லேசான வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது. மரச்சுவருக்குள் குடியிருக்கும் தேனீக்கூட்டம் சாதாரணமாக ஒரு மூலையில் மெல்ல இரையும். இது கட்டிலின் தலைமாட்டிலிருந்து கூரைவரை, பலகைக்குப் பின்னால் முழுக்க இரைந்தது. உள்ளங்கையை வைத்தால் பலகை வெதுவெதுவென்று இருந்தது.

"என்ன எல்வீரா, பேசுதுங்களா?" என்றார் கிழவர். இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. வாய் மட்டும் குறையவில்லை.

"பேசுது பெரியவரே. இந்த வீட்டுல மனுஷங்களைவிட அதுங்கதான் ஜாஸ்தி."

"மனுஷங்க எங்க இருக்காங்க? மருமகதான் ஓடிட்டாளே."

மருமகள் ரூஸ்னே ஓடவில்லை. போன கோடையில் ஒரே ஒரு தேனீ கொட்டி, மூச்சு நின்று, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள். இன்னொரு முறை கொட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சுவர் காலியாகும்வரை தன் அக்கா வீட்டில் இருந்தாள். எங்கள் காட்டுப் பக்கத்தில் பாதி ஊர் தேனீ வளர்க்கிறது. தேனீக்குப் பயந்த மருமகள் என்றால் விடுவார்களா? கடலோரத்திலிருந்து வந்தவளுக்கு என்ன தெரியும் என்று பேசிப் பேசியே அவளைப் பாதி ஆக்கியிருந்தார்கள்.

கிழவரின் மகன் மன்தாஸ் கோடாலியோடு நின்றான். "உடைச்சு எடுத்துடலாம் அக்கா. ஒரு நாள் வேலை."

"உடை. அந்தச் சுவத்து மேலதான் உத்திரம் உக்காந்திருக்கு. அப்புறம் கூரையைத் தலையில தாங்கிக்கோ."

"நான் இருக்கறவரை இந்த வீட்டுல கோடாலி விழாது," என்றார் கிழவர்.

ஆக, உடைக்காமல் எடுக்க வேண்டும். என் வேலையே அதுதான். வெளிப்பக்கம் அவை வந்துபோகும் ஓட்டையின் மேல் கம்பிவலையைக் கூம்பாகச் சுருட்டி வைத்தேன். கூம்பின் நுனி வழியாகத் தேனீ வெளியே வரலாம், திரும்ப நுழையத் தெரியாது. மற்ற சந்துகளை எல்லாம் களிமண்ணால் அடைத்தேன். கூம்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் என் வீட்டுக் கூட்டிலிருந்து முட்டையும் புழுவுமாக ஒரு அடை. வீடு இழந்த தேனீக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டிக்குக் குடிமாறும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குக் கூலி வாங்கமாட்டேன். கூட்டம் எனக்கு, உறவு இரண்டு வீட்டுக்கும். லித்துவேனியாவில் தேனீயை விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை; கூட்டம் கைமாறினால் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவோம்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போனது. பெட்டி கனத்தது, சுவரின் இரைச்சல் இறங்கியது. மன்தாஸ் சந்தோஷமாக ரூஸ்னேவுக்குப் போன் போட்டான். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மாமா, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். நீ துரத்துறதுங்க போயிட்டே இருக்கு. நான் போனா சுவத்தைத் தட்டி நீயே சொல்லிடு. அப்பதான் நீ இந்த வீட்டு ஆளு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டுக்காரர் இறந்தால் தேனீக்களுக்குத் துக்கம் சொல்வது எங்கள் வழக்கம். சாவியால் கூட்டைத் தட்டி, உங்கள் எஜமான் போய்விட்டார், இனி நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவையும் செத்தவர் பின்னாலேயே போய்விடும் என்பார்கள். நானும் நம்புகிறவள்தான். அதற்காக இவளைப் பார்த்தா சொல்வது?

"பெரியவரே, அவ அந்தச் சுவத்துப் பக்கமே வரக் கூடாது. தெரிஞ்சுதானே பேசறீங்க?"

"சும்மா சொன்னேன்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை வெயில் கொளுத்தியது. அப்போதுதான் தலைமாட்டுப் பலகையில் அந்தக் கறையைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், ஈரம், தொட்டால் ஒட்டியது. வெயில் நேரத்தில் கூட்டைச் சிறகால் விசிறிக் குளிர வைக்கிற தேனீக்களை நான்தான் வெளியே இழுத்துவிட்டேனே. உள்ளே மிச்சமிருந்த ராணியும் புதிதாகப் பொரிந்த குஞ்சுகளும் அத்தனை தேனையும் எப்படிக் காக்கும்? மெழுகு இளகித் தேனடைகள் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் கறை தலையணை அளவுக்கு இறங்கியிருந்தது. பலகையின் ஆணிகள் துருப்பிடித்து ஆடின. ஈரத்துணியை வெளிச்சுவரில் தொங்கவிட்டேன், உள்ளே சந்துகளில் இன்னும் களிமண் அப்பினேன்.

"கிழவரை வேற ரூமுக்கு மாத்து. இந்தப் பலகைமேல யாரும் சாயக்கூட வேணாம்," என்று மன்தாஸிடம் சொன்னேன்.

மாற்றுவதற்குள் கிழவர் போய்விட்டார். காலையில் கஞ்சி கொண்டுபோனவன் பார்த்தபோது முகம் அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததாம்.

துக்க வீட்டில் பாட்டுக்குத் தலைமை பெட்ரோனெலே. ஊரில் எந்தப் பிணமும் அவள் பாடாமல் மண்ணுக்குப் போனதில்லை. எஜமான் செத்த அறையில்தான் சவப்பெட்டியை வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"உள்ள தேனடை எந்த நேரமும் விழும்," என்றேன். "கூடத்துல வைங்க."

"அறுபது வருஷம் தேனீ வளர்த்த மனுஷன். அதுங்க பக்கத்துல இல்லாம எங்க கிடப்பாரு? வாடகை வீட்டுக்காரனா அவரு?"

"மருமக வருவாடி. அவளுக்கு ஒரு கொட்டு போதும்."

"அவ என்னிக்கு அந்த ரூமுக்குள்ள வந்தா?"

மன்தாஸ் அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்தான். "ஒரு நாள்தானே அக்கா. விட்டுடுங்க." விட்டுவிட்டேன். செத்த வீட்டில் எவ்வளவுதான் சண்டை போடுவது?

மத்தியானம் ரூஸ்னே வந்தாள். கறுப்பு உடை, மெலிந்த கழுத்து, கையில் ஊசி மருந்து வைத்த பை. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"சமையக்கட்டுல உக்காரும்மா. அந்த ரூமுக்கு வேணாம். மாமா கோவிச்சுக்க மாட்டாரு."

"மாமா மாட்டாரு அக்கா. இவங்க?" என்று உள்ளே கண்ணைக் காட்டினாள். பிறகு, "சரி, போகல," என்றாள்.

துக்கம் சொல்லும் நேரம் வந்தது. தேனீக்கள் இப்போது கூம்புப் பக்கத்துப் பெட்டியில்தான் இருக்கின்றன, அதற்குச் சொன்னால் போதும் என்று மன்தாஸை வெளியே கூட்டிப்போனேன். வீட்டுச் சாவியால் பெட்டியைத் தட்டினான். "தேனீக்களே, உங்க எஜமான் போயிட்டாரு. எங்களை விட்டுப் போயிடாதீங்க," என்றான். உள்ளிருந்து லேசாக இரைந்தது. அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்போது வீட்டுக்குள்ளும் யாரோ தட்டினார்கள். மரத்தின்மேல் இரும்பு. நிதானமாக, விட்டு விட்டு.

"யாரு அது?" என்றான் மன்தாஸ்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடினேன். வாசற்படி ஏறும்போது ரூஸ்னேயின் குரல் கேட்டது. "உங்க எஜமான் போயிட்டாரு. இனிமே நான் இருக்கேன். என்னைத் தெரிஞ்சுக்கோங்க." அடுத்த நொடி சுவருக்குள் ஏதோ பெரிதாகச் சரிந்தது. பாட்டு நின்றது.

நான் நுழைந்தபோது தலைமாட்டுப் பலகை பிடுங்கிக்கொண்டு வளைந்திருந்தது. கறுத்த தேன் வழிந்து சவப்பெட்டியின் விளிம்பில் விழுந்தது. தேனில் தோய்ந்த தேனீக்கள் கீழே ஊர்ந்தன, தோயாதவை மெழுகுவத்தி வெளிச்சத்துக்குப் பறந்தன. அதிகம் இல்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினார்கள். ரூஸ்னே கையில் தன் வீட்டுச் சாவியோடு நின்றாள். கழுத்தில் ஒரு கையை வைத்திருந்தாள்.

"ஒண்ணுதான் அக்கா," என்றாள்.

தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். மன்தாஸ் அவள் தொடையில் ஊசியைக் குத்தினான். கொஞ்சம் மூச்சு வந்தது. இன்னொன்றையும் குத்தினான். ஆம்புலன்ஸ் காட்டுப் பாதையில் வந்துகொண்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். உதடு வீங்கி, கண் இடுங்கி, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. நல்லாக் கேட்டுச்சு. பேசாதே."

அவள் பேசவில்லை. வண்டி வந்தபோது அவர்களால் செய்ய எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

மாலையில் பெட்ரோனெலே அழுத கண்ணோடு வந்து, ரூஸ்னேயையும் அந்த அறையிலேயே, மாமனார் பக்கத்தில் கிடத்த வேண்டும் என்றாள். இந்த வீட்டு ஆள்தானே, வேறெங்கே வைப்பது என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது.

"வேணாம் மன்தாஸ்," என்றேன். "அவளைக் கடலோரத்துக்கே, அவங்க அம்மாகிட்டக் கொண்டுபோ. இந்த ஊரு செஞ்சது போதும்."



"இல்ல அக்கா, உள்ளேயே வைங்க," என்றான். "அவ அதுக்காகத்தானே தட்டினா."