ஐந்தில் ஒன்று தோற்க வேண்டும்

புதிய தேசிய அறிவியல் கொள்கை எண்பத்து நாலு பக்கம். அறுபது பக்கம் வரை யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அறுபத்தொன்றாம் பக்கத்தில்தான் வந்தது வினை. துணிந்து ஆராய்கிறவர்கள் நடுநடுவே தோற்கத்தான் செய்வார்கள். ஆகவே ஒவ்வொரு ஆய்வகமும் ஐந்தில் ஒரு ஆராய்ச்சியாவது தோற்றதாகக் காட்ட வேண்டும். அப்படித் தோற்றவருக்கு மூன்று வருடம் பணி நீட்டிப்பு.

துறைத்தலைவர் முப்பது வருட ஆண்டறிக்கைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு தேடினார். ஒரு தோல்வி கிடைக்கவில்லை. படுமோசமாகப் போன ஆராய்ச்சிக்குக்கூட 'ஊக்கமளிக்கும் முடிவுகள்' என்று எழுதி வைத்திருந்தார்கள், அதிலும் பாதி அவர் கையெழுத்து. தலையில் கைவைத்து உட்கார்ந்தவருக்கு அப்புறம்தான் வராந்தாக் கடைசி அறை ஞாபகம் வந்தது.

அந்த அறையில் இருந்தவளை எல்லோரும் நேர்கோடு என்றே கூப்பிடுவார்கள். கணினிக்குள் இருக்கும் குறைக்கடத்தியையே காந்தமாகவும் ஆக்கிவிடுவது அவளுடைய ஆறு வருட முயற்சி. கடுங்குளிரில் வைத்தால் அது காந்தமாகும். வெளியே எடுத்தால் மறந்துவிடும். சாதாரண அறைச் சூட்டிலும் காந்தமாக இருந்தால் திரையில் வளையம் மாதிரி ஒரு கோடு வரும். அவளுக்கு வந்ததெல்லாம் அடிமட்டம் வைத்து இழுத்தது போன்ற நேர்கோடு. மாசக் கடைசியோடு வேலையும் முடிகிறது.

அவளைப் பார்த்தாலே செல்போனை நோண்டுகிற துறைத்தலைவர் அன்றைக்குத் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எத்தன தடவம்மா தோத்திருக்க?"

"நூத்தி நாப்பத்தேழு சார்."

"நடுவுல ஒண்ணுகூட ஜெயிக்கலையே?"

"இல்ல சார்."

"நல்ல பொண்ணு," என்றார், மனசார.

சேதி பரவியது. பக்கத்து அறை லேசர்காரர் வந்து, மூணாம் வருஷம் சாம்பிளைச் சுட உலை கடன் கொடுத்தது யார், அந்தத் தோல்வியில் தனக்கும் பங்கு உண்டா இல்லையா என்று நியாயம் கேட்டார். தோற்றதற்காக வேலை நிலைக்கப்போகிறது என்று அவள் அம்மாவிடம் போனில் சொன்னாள்.

"தோக்கறதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்றாள் அம்மா. "வீட்டுல இருந்தே தோத்திருக்கலாமேடி."

தோல்வியை நேரில் சரிபார்க்க அதிகாரி வருவதற்கு முந்தின நாள் பிற்பகல். வருகிறவருக்குப் பழைய தோல்வியைக் காட்டுவானேன், புதுசாக ஒன்று இருக்கட்டும் என்று நூற்று நாற்பத்தெட்டாவது சாம்பிளைக் கருவியில் வைத்தாள். மூன்றரை மணிக்குத் திரையில் கோடு வளைந்தது. வளைந்து, திரும்பி வந்து, வளையமாக மூடிக்கொண்டது.

ஆறு வருஷம் வராதது இன்றைக்கு வந்து நிற்கிறது, அதுவும் கேட்காமல். சாம்பிளை ஸ்டீல் ட்வீசரால் எடுத்தால் அதிலிருந்து ஒட்டும் இரும்புத் துகளே காந்தம் மாதிரி வேஷம் போடும். இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். அவள் மட்டும் அது அழுக்காகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சாம்பிளைக் கழுவினாள். பிளாஸ்டிக் ட்வீசரால் எடுத்து வைத்தாள். வளையம். ஒரு மூலையை வெட்டி அதை மட்டும் வைத்தாள். குட்டி வளையம். அழுக்கில்லை.

விஷயத்தைக் கேட்டதும் துறைத்தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"அப்ப அது இன்னும் நடக்கல."

நீட்டிப்புக் கடிதம் கைக்கு வரட்டும், அப்புறம் தினம் ஒரு தடவை ஜெயித்துக்கொள், யார் தடுத்தது என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள்தானே. ஆனால் நோட்டில் சாம்பிளுக்கு ஒரு பக்கம். பக்கத்தை வெற்றாக விட அவளுக்குக் கை வரவில்லை. நடந்ததை மசியால் எழுதினாள். அதே செய்முறையில் நூற்று நாற்பத்தொன்பதை உலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து முதல் வேலையாக அதை அளந்து, அதையும் எழுதி வைத்தாள்.

கொள்கை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அவள் நோட்டைக் கல்யாண ஆல்பம் பார்ப்பது போலப் புரட்டினார். ஒவ்வொரு நேர்கோட்டுக்கும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"நூத்தி நாப்பத்தெட்டுல என்ன?"

"பேனா கிறுக்கியிருக்கும்," என்றார் துறைத்தலைவர்.

அவள் துறைத்தலைவரைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள்.

"இல்ல சார். அது காந்தம். இந்த ரூம் சூட்டுலயே."

துறைத்தலைவர் மெல்ல உட்கார்ந்தார். அதிகாரி கையிலிருந்த படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார். இதற்கு அதில் கட்டம் இல்லை.

"அப்ப நீங்க தோக்கல."

"அடுத்த பக்கத்தையும் பாருங்க சார். அதே பொருள், அதே சூடு, அதே நேரம். மறுபடி நேர்கோடுதான் வந்துது."

"ஏன்?"

"தெரியல சார்."

"சுத்தமாத் தெரியாது சார்," என்று துறைத்தலைவர் துள்ளி எழுந்தார். "யாருக்குமே தெரியாது."

அதிகாரி வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'செய்ததைத் திரும்பச் செய்வதில் தோல்வி' என்று எழுதி அடிக்கோடிட்டார். மூன்று வருடம் உண்டு. ஆனால் அதற்குள் திரும்பச் செய்துவிட்டால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும், நீட்டிப்பு அன்றோடு ரத்து என்றார். துறைத்தலைவர் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. நிதானமா பண்ணும்மா, ஒரு அவசரமும் இல்ல என்றார்.

அவள் காதில் அது விழவில்லை. நூற்று நாற்பத்தெட்டை எடுத்தபோது உலை முழுக்க ஆறியிருந்ததா, பாதிச் சூட்டிலேயே திறந்துவிட்டோமா என்பதிலேயே மனசு நின்றது.

"முடிஞ்சுதா சார்?" என்று கேட்டாள். "நான் போய் உலைய ஆன் பண்ணணும்."